எப்பூப்பா அருவி: நாலு நாள் லீவில் குனேனே ஆறு வரை போய் வர முடியுமா?

அனுப்பானடி டீச்சர் (மார்ச் 9)

வணக்கம். மதுரை அனுப்பானடியில் இருக்கிறேன். 31 வருடம் அரசுப் பள்ளிகளில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மூத்த மகன் நமீபியாவில், விண்ட்ஹூக்கில் வேலை பார்க்கிறான். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு நானும் வீட்டுக்காரரும் கிளம்பி ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டு வரப் போகிறோம். அதில் அவனுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும். "எங்கேம்மா போகணும், நீயே சொல்லு" என்கிறான்.

எனக்கு எப்பூப்பா அருவியைப் பார்க்க வேண்டும். நாட்டின் வடக்கு எல்லையில், குனேனே ஆற்றில் இருக்கிறது. இந்தக் கரை நமீபியா, அந்தக் கரை அங்கோலா.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா பாடம் வந்தால் சுவர் வரைபடத்தில் நைல், காங்கோ, நைஜர், சாம்பசி என்று நாலு ஆறுகளையும் குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வரைபடத்துக்கே வந்துவிட்டான். நமீபியாவின் தலைமாட்டில் மயிரிழை மாதிரி ஒரு நீலக்கோடு போகும். அதில் விரலை வைத்து, "டீச்சர், இது பாலைவனம்னு சொன்னீங்க. இந்த ஆறு மட்டும் ஏன் காயல? நம்ம வைகை காஞ்சு கெடக்கே" என்று கேட்டான். பாடப்புத்தகத்தில் அந்த ஆற்றின் பெயர்கூடக் கிடையாது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. அரைப்பரீட்சைக்குள் பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம். மகன் அங்கே வேலைக்குப் போன பிறகுதான் அந்தக் கோட்டைத் தேடிப் படித்தேன்.

எனக்கு வலது முட்டியில் தேய்மானம். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, மாத்திரையில் இருக்கிறார். நாலு நாள் போதுமா? சாலை எப்படி? இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே ஹிம்பா என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டு முன்னால் வேடிக்கை பார்க்க வந்தவளாகப் போய் நிற்க எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படி நடந்துகொள்வது முறை என்று, போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கே.கே.நகர் பயணி

டீச்சர், நாலு நாளில் அவ்வளவு தூரம் காரில் அலைவதற்கு விக்டோரியா அருவிக்கே போய்விடலாம் என்பது என் யோசனை. சாம்பசி ஆற்றில், ஜிம்பாப்வே பக்கமிருந்து 2018-ல் குடும்பத்தோடு பார்த்தோம். 1.7 கிலோமீட்டர் அகலத்துக்கு, 108 மீட்டர் ஆழத்தில் விழுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சாரல் எவ்வளவு என்றால் எதிரே இருக்கும் அருவியே சில இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. மழைக்கோட்டு வாடகைக்குக் கிடைக்கும். விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, பாதை நல்ல பாதை, முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம் இருக்காது. வாழ்க்கையில் ஒரு தடவை பார்க்க வேண்டிய இடம். எப்பூப்பா எனக்குத் தெரியாது. வயதானவர்களை அழைத்துப் போகும்போது ஆஸ்பத்திரி, ஹோட்டல் உள்ள ஊராகப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

போர்வண்டி உசிலம்பட்டி

டீச்சர், தாராளமாகப் போங்கள். நான் அந்தப் பகுதியில் இரண்டு வருடம் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவன். உசிலம்பட்டிக்காரன். திருச்செங்கோட்டு வண்டி ஒன்றில் டிரில்லராகப் போய் ஒப்புவோ ஊரில் இறங்கினேன். விக்டோரியாவை நான் பார்த்ததில்லை, ஒப்பிட்டுச் சொல்லத் தெரியாது. எப்பூப்பாவுக்கு ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன்.

முதலில் அந்தப் பையன் கேட்ட கேள்வி. குனேனே, நமீபியாவில் பெய்கிற மழையை நம்பி ஓடுகிற ஆறு இல்லை. அங்கோலாவின் நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் பிறக்கிறது. அங்கே நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நல்ல மழை உண்டு. அந்தத் தண்ணீர் தெற்கே இறங்கி வந்து, ருவாகானா பக்கம் மேற்கே திரும்பி, அப்புறம் கடல் வரைக்கும் இரண்டு நாட்டுக்கும் எல்லையாகவே போகிறது. மொத்த நீளம் 1,050 கிலோமீட்டர் அளவில் வரும். நமீபியாவுக்குள்ளேயே பிறந்து வருடம் பூராவும் ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஓடுகிறதெல்லாம் வெளியூர்த் தண்ணீர்தான். நம் வைகைக்கு வருசநாட்டு மலையும் பெரியாற்றுத் தண்ணீரும் விட்டால் வேறு கதி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாதம் போவது நல்ல யோசனை. மழை நின்று, சாலையில் குறுக்கே வரும் ஓடைகள் காய்ந்திருக்கும். ஆற்றில் மட்டும் அங்கோலாத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் போனால் பாறைதான் அதிகம் தெரியும், வெயிலும் மண்டையைப் பிளக்கும்.

விண்ட்ஹூக்கிலிருந்து ஒப்புவோ 720 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. விடிவதற்கு முன் கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். ராத்திரி வண்டி ஓட்டவே வேண்டாம். மாடு, கழுதை, பெரிய கொம்பு வைத்த குடு மான் எல்லாம் சாலையில் நிற்கும். நம் ஊர் மாதிரி இடது பக்கம் ஓட்டுகிற நாடு என்பதால் உங்கள் மகனுக்குப் பழக்கம் இருக்கும். ஒப்புவோ என்றால் அங்கே பேசும் ஹெரேரோ பாஷையில் "போதும்" என்று அர்த்தம். உண்மையிலேயே வசதிகள் அந்த ஊரோடு போதும். பெட்ரோல், ஏடிஎம், அரிசி பருப்பு வாங்கக் கடை எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து எப்பூப்பா 180 கிலோமீட்டர், சரளைக்கல் சாலை. நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இரண்டு வேண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, எண்பதைத் தாண்டாமல் ஓட்டச் சொல்லுங்கள். அந்தச் சரளையில் வேகமாகப் போய்ச் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி புரண்டுவிடும். அப்படிப் புரண்டு கிடந்த வண்டிகளை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது கமான்யாப் வருவதற்கு முன் கால்நடைச் சோதனை வேலி ஒன்று வரும். வடக்கிலிருந்து தெற்கே பச்சை இறைச்சி கொண்டுவர விடமாட்டார்கள், நோய் பரவாமல் இருக்க. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு நாளில் முடியும், ஆனால் ஒப்புவோ போக ஒரு நாள், அங்கிருந்து விண்ட்ஹூக் வர ஒரு நாள் போய்விடும். எப்பூப்பாவில் ஒரு ராத்திரிதான் மிஞ்சும். மகனிடம் ஐந்தாவது நாள் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் நாள் போகிறவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டே அலைவார்கள். இரண்டாம் நாள் காலையில்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

எப்பூப்பா என்பது ஹெரேரோ மொழியில் நுரை. குற்றாலம் மாதிரி கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற அருவி இல்லை இது. ஆறு அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு அங்கங்கே விழுந்துகொண்டே போகிறது. ஒரே தாவலாக விழுவதில் பெரியது 37 மீட்டர். நீங்கள் மேலே நிற்பீர்கள், ஆறு உங்கள் காலுக்குக் கீழே ஒரு பிளவுக்குள் இறங்கிப் போகும்.

அந்தப் பிளவின் ஓரத்தில், ஒரு பிடி மண் இல்லாத பாறையில், பெருக்க மரங்கள் நிற்கின்றன. மன்னார்த் தீவில் இருக்கிறதே அதே மரம், ஆங்கிலத்தில் பாவோபாப், சித்த வைத்தியர்கள் பப்பரப்புளி என்பார்கள். ஒரு மரத்தை நான் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் பார்த்தேன். வேர் கீழே போகவில்லை. மெழுகுவர்த்தி வழிந்த மாதிரி பாறையின் மேலேயே வழிந்து வந்து, ஓர் இடத்தில் மட்டும் சட்டென்று காணாமல் போகிறது. குனிந்து பார்த்தால் அங்கே விரிசல். விரல் நுழையாத விரிசல். போர் போடுகிறவனுக்கு விரிசல்தான் எல்லாம். கடினப்பாறையில் தண்ணீர் அங்கேதான் இருக்கும். கம்ப்ரசரும் முந்நூறு நானூறு அடி ராடும் வைத்துக்கொண்டு நாங்கள் தேடி, பாதி நேரம் வெறும் தூசியோடு திரும்பி வருவோம். அந்த மரம் எத்தனையோ வருடத்துக்கு முன்னால் சரியான இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

கரையில் மக்களானி என்றொரு பனை உண்டு, ஓலை நம் பனையோலை மாதிரி விசிறியாக இருக்கும். கொட்டைக்குள் தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும். பையன்கள் அதில் யானை செதுக்கி விற்பார்கள், கேட்டால் உங்கள் பெயரையும் வெட்டித் தருவார்கள். அந்தப் பனைகளுக்கு அடியில்தான் தங்குமிடங்கள். அறையிலிருந்து முதல் அருவி நாலு எட்டுதான். சூரியன் மறைவதைப் பார்க்கிற குன்றுக்குக் கார் போகும், முட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தண்ணீரில் மட்டும் கால் வைக்காதீர்கள். முதலை இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்கிற பாறைக்குட்டை ஒன்றைக் காட்டி "இங்கே பயமில்லை" என்பார்கள். அவர்களுக்கு அந்த ஆற்றைத் தெரியும், நமக்குத் தெரியாது. ஹிம்பா மக்களைப் பற்றிக் கேட்டதற்கு நாளை எழுதுகிறேன், வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

தெற்கு மாசி வீதி மருந்துக்கடை

அம்மா, மருந்து விஷயம் மட்டும் நான் சொல்கிறேன்.

குனேனே பகுதியில் மலேரியா உண்டு. மழை முடிந்த மே மாதத்திலும் இருக்கும். நம் ஊரில் பழைய ஆட்கள் சொல்கிற குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது. தடுப்புக்கு அட்டோவகோன்-புரோகுவானில், டாக்சிசைக்ளின் என்று இரண்டு வகை பொதுவாகக் கொடுப்பார்கள். முதலாவதைப் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் தொடங்கி, தினமும் போட்டு, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகு ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் வந்த பிறகும் நாலு வாரம். அதைப் போட்டால் சிலருக்கு வெயிலில் தோல் எரியும், வெறும் வயிற்றில் ஆகாது. அப்பா சாப்பிடுகிற சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்த்து எது பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் நேராக வந்து கேட்காதீர்கள், என் கடைக்கு வந்தாலும் சீட்டு கேட்பேன்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் என்றால் இதை அலட்சியமாக விடாதீர்கள். நடுவில் எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே போகிறீர்களா என்பதைப் பொறுத்து நமீபியாவிலும் கேட்பார்கள், இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். போட்டு பத்து நாள் ஆனால்தான் அட்டை செல்லும். அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு அந்த ஊசியை யோசித்துத்தான் போடுவார்கள், அதனால் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

அப்பா வெறுங்காலோடு பாறையில் நடக்கவே கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குச் சுட்டாலும் தெரியாது, கீறினாலும் தெரியாது. ஊருக்கு வந்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால்கூட "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அனுப்பானடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. கே.கே.நகர் பயணி சொன்னதையும் யோசித்தோம். விக்டோரியாவை நான் 31 வருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், அதற்கு ஒன்றும் கடன் இல்லை. இந்த ஆற்றுக்குத்தான் கடன் பாக்கி இருக்கிறது. மகன் ஐந்தாவது நாளுக்கும் கேட்டுவிட்டான்.

தம்பி உசிலம்பட்டி, நீங்கள் பெருக்க மரத்தைப் பற்றி எழுதியதை வீட்டுக்காரரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். எப்பூப்பாவில் அணை கட்டப் போவதாக ஒரு பழைய செய்தி கண்ணில் பட்டது. அது என்ன ஆனது? ஹிம்பா மக்களைப் பற்றியும் சொல்கிறேன் என்றீர்கள்.

போர்வண்டி உசிலம்பட்டி

டீச்சர், இரண்டும் ஒரே விஷயம்தான்.

1990-களில் இரண்டு நாட்டு அரசாங்கமும் எப்பூப்பாவில் மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டம் போட்டன. 360 மெகாவாட். கட்டியிருந்தால் அருவி தண்ணீருக்குள் போயிருக்கும். கூடவே கரையோரப் பனை, வறட்சிக் காலத்து மேய்ச்சல், ஹிம்பாக்களின் முன்னோர் கல்லறைகள் சுமார் 160. ஏரி 380 சதுர கிலோமீட்டருக்கு விரியும் என்று கணக்குப் போட்டார்கள். ஹிம்பா தலைவர்களில் ஒருவரான ஹிக்குமினுவே கப்பிக்கா 1997-ல் ஐரோப்பா வரை போய் எதிர்த்துப் பேசினார். கடைசியில் அந்த இடத்தில் அணை வரவில்லை. இப்போது அருவிக்குக் கீழே, ஆறு போகிற வழியில், பெயின்ஸ் மலையில் அணைக்குப் பேச்சு நடக்கிறது. அது வந்தால் அருவி முழுகாது. அதே ஆற்றில் மேலே ருவாகானா இருக்கிறது. 120 மீட்டர் அருவி. 1978 முதல் மின்நிலையத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுகிறார்கள். வருடத்தில் பெரும்பகுதி அங்கே வெறும் பாறையைத்தான் பார்க்கலாம்.

எங்கள் வண்டியில் உதவிக்கு ஒரு உள்ளூர் பையன் இருந்தான். அவன் மூலமாக ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அணைப் பேச்சு வந்தது. என் அப்பத்தா பிறந்த ஊர் வைகை அணைக்குள் போன ஊர். 1959-ல் அணை திறந்தார்கள், அதற்கு முன்பே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். கிளம்பும்போது குலசாமி கோயிலில் பிடிமண் எடுத்து வந்து, புது இடத்தில் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். அப்பத்தா மட்டும் கோடையில் தண்ணீர் இறங்கினால் அங்கே போய்ச் சேற்றில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவார். இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். நாமும் உங்களைப் போலத்தான் என்று சொல்கிற எண்ணம் எனக்கு. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மண்ணைக் கொண்டு போனீர்கள். உள்ளே இருந்தவர்களை?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் கல்லறையில் மாட்டுக் கொம்புகளை வைத்திருப்பார்கள். அது இறந்தவருக்காக அறுத்த மாடு. இந்த நிலம் யாருடையது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள். அவர்களுக்குப் பட்டா, சிட்டா எல்லாம் அதுதான்.

அதனால் அவர்கள் ஊருக்குள் போகும்போது ஒரு கோயில் வளாகத்துக்குள் போகிற நினைப்போடு போங்கள். உள்ளூர் ஆள் ஒருவரை அழைத்துப் போங்கள், நேராக நுழையாதீர்கள். பெரிய குடிசைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு நெருப்பு இருக்கும், சில நேரம் வெறும் கட்டையும் சாம்பலும்தான் தெரியும். ஒகுருவோ என்று பெயர். முன்னோர்களோடு பேசுகிற நெருப்பு. குடிசைக்கும் அதற்கும் குறுக்கே நடக்கக் கூடாது. "மொரோ" என்றால் வணக்கம். "பெரிவி?" என்றால் நலமா. "நவா" என்றால் நலம். "ஒகுஹேப்பா" நன்றி. இந்த நாலு வார்த்தையோடு போனாலே முகம் மலர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள். சோள மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று வீட்டுக்கு ஆகிற பொருளாக வாங்கி, அந்த வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். கேட்காமல் போட்டோ வேண்டாம். சுரைக்குடுக்கையில் ஆட்டி ஆட்டிப் புளிக்க வைத்த பால் கொடுத்தால் ஒரு வாய் குடியுங்கள். நம் மோர் மாதிரிதான், கொஞ்சம் கெட்டி.

ஒரு உதவி கேட்கலாமா, டீச்சர்? ஒகோங்வாட்டி தாண்டி எப்பூப்பா போகிற வழியில், சாலைக்கு வலது பக்கம், இரட்டைப் பெருக்க மரத்துக்கு எதிரே ஒரு கைப்பம்பு இருக்கும். நாங்கள் கடைசியாகப் போட்ட போர். முதல் இரண்டு பாயின்ட் தூசிதான் பறந்தது. மூன்றாவதில் 340 அடியில் தூசி ஈரமாகி, அப்புறம் சேறாகி, அப்புறம் தண்ணீர் வந்தது. ஊரே நனைந்தது. கேசிங் பைப்பின் மேல் வெல்டிங்கில் பிள்ளையார் சுழி போட்டு வைத்தேன். வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தவன், அப்புறம் அந்தப் பக்கம் போகவே வழியில்லை. தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

மேலூர் ஆயக்கட்டு

நான் ஒரு வார்த்தை சொல்கிறேன். மேலூர் பக்கம் நாங்கள் நெல் போடுவது, மேற்கே போக வேண்டிய பெரியாற்றை 1895-ல் அணை கட்டிக் கிழக்கே திருப்பியதால்தான். அணையே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தண்ணீர் இல்லையென்றால் என் தாத்தா பஞ்சம் பிழைக்கத் தோட்டத்துக்குப் போயிருப்பார், நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் உசிலம்பட்டித் தம்பி எழுதிய அந்தப் பெரியவரின் கேள்வி நேற்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. நம் பக்கமும் தண்ணீருக்குள் போன ஊர்கள் இருக்கின்றன. அவர்களிடம் யார் போய்க் கேட்டார்கள்? டீச்சர், போய் வந்து கட்டாயம் எழுதுங்கள்.

அனுப்பானடி டீச்சர் (ஜூன் 14)

வந்து பத்து நாள் ஆகிறது. முட்டி கொஞ்சம் வீங்கியதால் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

போகும்போது ஒரு டயர், வரும்போது ஒரு டயர். இரண்டு ஸ்டெப்னி என்று தம்பி சொன்னது எவ்வளவு பெரிய புண்ணியம். ஒப்புவோ கடையில் பெரிய சோள மாவு மூட்டையும் எண்ணெயும் வாங்கி ஏற்றிக்கொண்டோம்.

அருவிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆற்றின் நிறம் நான் நினைத்த நீலம் இல்லை. டீயில் பால் குறைந்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். பிளவில் விழுகிற இடத்தில் வெள்ளையாகிவிடுகிறது. அழகர் இறங்குவதற்காக அணையைத் திறந்து வைகையில் தண்ணீர் விட்டால், முதல் நாள் யானைக்கல் பாலத்தில் நின்று பார்க்க எத்தனை கூட்டம் வரும்! மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருந்தேன். இங்கே அதைப் போல எத்தனையோ மடங்கு தண்ணீர், கரையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு ஆட்டுக்காரப் பையனும். வீட்டுக்காரர் பாறையில் துண்டை விரித்து உட்கார்ந்தவர் இருட்டுகிற வரை எழுந்திருக்கவில்லை. நாற்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் காலையிலும் அதே பாறைக்குப் போனார். இரண்டாம் ராத்திரி தங்கியது நல்லதாகப் போயிற்று.

ஹிம்பா வீடு ஒன்றுக்கும் போனோம். உள்ளூர்ப் பெண் ஒருத்தி அழைத்துப் போனாள். நெருப்பு இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். என் வயது இருக்கும் ஒரு அம்மா, வெண்ணெயும் செம்மண்ணும் குழைத்துத் தோளில் பூசிக்கொண்டிருந்தார். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, விரலால் என் கன்னத்தைத் தொட்டு, அந்த விரலை வெயிலில் தூக்கிப் பார்த்தார். காலையில் பூசிய மஞ்சள் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பைக்குள் இருந்த மஞ்சள் கிழங்கை எடுத்துக் கல்லில் இழைத்துக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்துத் தன் கையில் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேல் பேச்சு எதுவும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கிழங்கை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். போட்டோ எடுக்கலாமா என்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

ஆறு ஏன் காயல என்று கேட்ட அந்த எட்டாம் வகுப்புப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவன் வகுப்பில் படித்த ஒருத்தி செல்லூரில் இருக்கிறாள், தேடித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

தம்பி உசிலம்பட்டி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரட்டைப் பெருக்க மரத்தை மகன்தான் முதலில் பார்த்தான். எதிரே நீங்கள் சொன்ன கைப்பம்பு இல்லை. எனக்குப் பகீர் என்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் சோலார் தகடு இரண்டு, கம்பிவேலி, பச்சை நிறத்தில் ஒரு தொட்டி. மோட்டார் போட்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் மஞ்சள் கேனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்துத் தொட்டியில் ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தன. "மொரோ" சொல்லிவிட்டு, நானும் உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்தேன். லேசாக உப்பு. குழாய் தரைக்கு மேலே வருகிற இடத்தில் மண் மூடியிருந்தது. மகன் குச்சியால் தட்டித் தட்டி எடுத்தான். துரு ஏறியிருக்கிறது, ஆனால் விரலால் தடவினால் தெரிகிறது: மேலே ஒரு வளைவு, பக்கத்தில் நீளமாக ஒரு கோடு. 'உ'.